திருப்பத்தில் நேரே போன வெளிச்சம்

எங்கள் பட்டறையில் பட்டப்பகல் பதினோரு மணிக்கும் கும்மிருட்டாக இருக்கிற அறை ஒன்று உண்டு. வாசலில் தடித்த கறுப்புத் திரை, எதிரே வெள்ளைச் சுவர், சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள். தரையை மட்டம் பார்த்துப் பார்த்துப் பூசியிருக்கிறார்கள். கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். கார்களின் முன்விளக்கு சரியான இடத்தைப் பார்க்கிறதா என்று சோதிக்கும் அறை அது. ஆள் உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் தாழும் என்பதால், சோதிக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் எழுபத்தைந்து கிலோ மணல் மூட்டை ஒன்றை உட்கார வைப்பார்கள். அந்த மூட்டைக்குப் பெயர் மேனேஜர். நாள் முழுக்க இருக்கையில் இருக்கும், ஒரு துரும்பையும் நகர்த்தாது.

அந்தப் பெயரை வைத்தவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஹைபீம். எதிரே வண்டி வந்தால் அந்த உயர வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும் என்பது சாலை விதி. அவர் குரலோ யார் எதிரே வந்தாலும் தாழ்ந்ததில்லை. நிஜ மேனேஜர் வந்து நின்றாலும் அதே சத்தம்தான். முன்விளக்கு வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொண்டோம். நான் அதே பட்டறையில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். பதினாறு வருஷமாக அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள். யார் எந்தப் பாகத்தைக் கேட்டார்கள், எப்போது எடுத்துப் போனார்கள், கேட்டுவிட்டு எதை எடுக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் என் தலையில் இருக்கும். அது நல்ல குணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைபீமுக்கு ஒரு பைத்தியம் உண்டு. திருப்பத்தில் திரும்புகிற விளக்கு. சாதாரணக் காரின் விளக்கு வண்டியின் மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். இந்தப் புது வகையில் விளக்குக்குள்ளே ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறோம், வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்குப் பார்த்து, வெளிச்சத்தை வளைவுக்குள் திருப்பிவிடும். இதை வண்டியைக் கொண்டுவரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் விளக்கியே தீருவார்.

"சார், திருப்பத்துல நீங்க போகப்போறது இடது பக்கம். உங்க லைட்டு எங்க பாக்குது? நேரா எதிர்ல இருக்கற மரத்தை. அந்த மரத்தைப் பார்த்து என்ன பண்ணப்போறீங்க, சம்பந்தம் பேசப்போறீங்களா?"

வாடிக்கையாளர் சிரித்துவிட்டு சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். யாரும் அவர் பேச்சைக் கேட்டு விளக்கை மாற்றியதில்லை. ஒரே ஒருவர் மட்டும் கேட்டார். அது அவருடைய அக்கா.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவர். பட்டறையில் எல்லாருக்குமே அவர் அக்காதான். மலைமேல் இருக்கிற சின்ன சுகாதார நிலையத்தில் பிரசவ நர்ஸ். வீடு அடிவாரத்தில். குழந்தைகள் நேரம் பார்த்துப் பிறப்பதில்லை என்பதால் பாதி நாள் ராத்திரியில்தான் மலை ஏற வேண்டியிருக்கும். ஏறுவதற்குப் பதினோரு திருப்பம். பழைய காரை மாற்றப் போகிறேன் என்று அக்கா சொன்னதுமே ஹைபீம் பின்னாலேயே அலைந்தார். திரும்புகிற விளக்கு உள்ள வண்டியைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "லைட்டு எரிஞ்சா போதாதா, ஆடவும் வேணுமா?" என்று அக்கா முணுமுணுத்தபடியே வாங்கினார்.

வாங்கிய அன்றே வண்டியை இருட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னார் ஹைபீம். மேனேஜரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அக்காவை உட்கார வைத்தார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எஞ்சினைப் போட்டதும் சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. விழுந்த வெளிச்சம் தானாகவே ஒருமுறை கீழே போய், மேலே வந்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு நடுவில் நின்றது. மோட்டார் சரியாக இருக்கிறதா என்று வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற முறை அது.

"ஐயோ, வணக்கம் சொல்லுதுடா!" என்று அக்கா கைகொட்டிச் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து அக்கா சொன்னதை ஹைபீம் ஒரு வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நான் திரும்பறதுக்கு முன்னாடி அது திரும்பிப் பாக்குதுடா. யாரோ முன்னால டார்ச் பிடிச்சுட்டு நடக்கற மாதிரி இருக்கு." தம்பிக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த ஒரு வருஷம் அவர் சத்தம் இன்னும் கூடியது. எங்கள் காதுதான் பாவம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அக்கா முற்றத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினைக்கூட அணைக்காமல் கூப்பிட்டார். "டேய், இங்க வா. காலையிலேர்ந்து மீட்டர்கிட்ட ஒரு மஞ்சள் லைட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுட்டே இருக்கு. வழியில நின்னுடுமா?"

ஹைபீம் வண்டியின் கணினியில் கோளாறு பார்க்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். இடது விளக்கின் மோட்டார் செத்திருந்தது. ஒரு பக்கம் செத்தால் இரண்டு பக்கமும் நேராக நின்றுவிடும்; அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும், திரும்பாது. அதைத்தான் அந்த மஞ்சள் விளக்கு ஓட்டுகிறவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிக்கல்லாம் நிக்காது. ஆனா வண்டியை விட்டுட்டுப் போ."

"விட்டுட்டா? மேல ரெண்டு பேருக்கு நாள் நெருங்கிடுச்சு. நான் பறந்தா போவேன்?" அக்கா சுற்றி நின்ற எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ரெண்டு வருஷம்கூட ஆகலை. அதிசய லைட்டு படுத்துடுச்சா? அப்பவே சொன்னேன், சாதா லைட்டே போதும்னு. இந்தப் பெரிய மனுஷன் கேட்டானா?"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஹைபீமின் காது சிவந்துவிட்டது. "படுக்கல்லாம் இல்ல. ஒயர் ஒண்ணு லூஸு" என்றார். ஸ்கேனரில் எதையோ தட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மஞ்சள் விளக்கு அணைந்தது.

"சரி பண்ணிட்டேன். போ."

அவர் சரி செய்யவில்லை. இந்த வண்டியில் திரும்புகிற விளக்கு என்கிற வசதியே கிடையாது என்று வண்டியின் கணினியில் மாற்றி எழுதிவிட்டார். வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயரையே அடித்துவிட்டால் அவன் வரவில்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை அல்லவா, அந்த மாதிரி. எங்கள் தொழிலில் இது புதிதல்ல. பாகம் வரும்வரை வாடிக்கையாளரின் நச்சரிப்பு தாங்காமல் எல்லாப் பட்டறையிலும் எவனாவது செய்வதுதான். ஆனால் ஹைபீம் அதுவரை செய்ததில்லை. செய்தவர்களைக் கண்டபடி ஏசியிருக்கிறார். வெயிலில், முற்றத்தில் வைத்துச் செய்ததால் அக்காவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இருட்டறைக்குள் கொண்டு போயிருந்தால் வணக்கம் வராததை அவரே பார்த்திருப்பார்.

அக்கா கிளம்பியதும் ஹைபீம் நேராக என் ஸ்டோருக்கு வந்து இடது மோட்டாருக்கு ஆர்டர் போடச் சொன்னார்.

"யாருக்கு அண்ணா?"

"அக்காவுக்கு."

"இப்பதானே சரி பண்ணிட்டேன்னீங்க?"

"பார்ட்டு வந்ததும் நிஜமா பண்ணிடுவேன். நீ கொஞ்சம் சும்மா இரு தங்கச்சி."

சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற சுபாவமே எனக்குக் கிடையாது. நாக்கு நீளம் என்று வீட்டிலும் பட்டறையிலும் பெயர் வாங்கியவள். அன்றைக்குப் பார்த்துச் சும்மா இருந்தேன்.

ஒன்பதாவது நாள் மோட்டார் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. அதன்மேல் மார்க்கரால் 'அக்கா' என்று எழுதி, கண்ணில் படுகிற தட்டில் வைத்தேன். ஹைபீம் வந்தார், எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்னண்ணா, பெட்டிக்கு வயசு ஏறுதே. மாட்டலையா?"

"மாட்டணும். ஆனா ஒரு நாள் முழுக்க வண்டி இங்க நிக்கணும். விளக்கைக் கழட்டி, மாட்டி, சுவர்ல வச்சு மட்டம் பாக்கணும். என்னன்னு கேப்பேன்? சரி பண்ணிட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்ன வண்டியை மறுபடி எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

"உனக்கு எங்க அக்காவைத் தெரியாது. ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவா." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு மாசத்துல சர்வீசுக்கு வருது. சத்தமில்லாம அப்ப மாட்டிடறேன். ரெண்டு மாசம்தானே."

முடிச்சு அங்கேதான் விழுந்தது. மோட்டார் கையில் இருந்தது, மாட்டத் தெரிந்த ஆள் இருந்தார், மாட்டுவதற்கு அறையும் இருந்தது. சரி பண்ணிட்டேன் என்று வாயில் வந்த ஒரு சொல் குறுக்கே படுத்திருந்தது.

சில வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் ஹைபீம் என் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா போனில் கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் என்னை எடுக்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"டேய், அந்த லைட்டு முன்ன மாதிரி திரும்புதான்னே சந்தேகமா இருக்குடா. மூணாவது திருப்பத்துல ஒரே இருட்டா இருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் வழக்கமான சத்தத்தில், கொஞ்சம் கூடுதலாகவே, "அக்கா, உனக்கு அம்பத்தெட்டு ஆச்சு. லைட்டைக் குறை சொல்லாத. கண்ணாடியை மாத்து" என்றார்.

அந்தப் பக்கம் அக்கா சிரித்தார். "போடா. ஆனா நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கும். ஊசியில நூல் கோக்கறதுக்கே இப்பல்லாம் தடவ வேண்டியிருக்கு."

போன் வைத்ததும் "அண்ணா" என்றேன்.

"அடுத்த வாரம்" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் வரிசையாக நான்கு விபத்து வண்டிகள் வந்து நின்றன, தலைக்கு மேல் வேலை. அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், நான் வரவே இல்லை. இதெல்லாம் சாக்கு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பெட்டி தட்டில் ஐம்பத்தொரு நாள் இருந்தது.

ஐம்பத்திரண்டாவது நாள் விடிவதற்கு முன்னால், ஒரு பிரசவம் பார்த்துவிட்டு அக்கா மலை இறங்கினார். மூன்றாவது திருப்பம் இடது பக்கம் வளைகிறது. ரொட்டிக்கடையில் அடுப்பு மூட்டுகிற ஆள் ஒருவர் வளைவின் உள்ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். வெளிச்சம் நேரே எதிரில் இருந்த மரத்துக்குப் போனது. அவர் இருட்டில் இருந்தார். அக்கா பார்த்தபோது அவர் வண்டியின் மூக்கில் இருந்தார்.

அவர் பிழைத்ததற்கும் அக்காதான் காரணம். தன் நெற்றியில் ரத்தம் வழிய, பிரசவப் பையில் இருந்த துணியெல்லாம் எடுத்து அவர் காலை இறுக்கிக் கட்டி, பின்சீட்டில் கிடத்தி, ஒற்றை விளக்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். உயிர் தங்கியது. இடது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

வண்டியைப் பரிசோதிக்க வந்த அதிகாரி உடையாமல் மிச்சமிருந்த வலது விளக்கைப் போட்டுப் பார்த்தார். 'பிரேக், சரி. விளக்கு, எரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எரிகிறதா என்றுதான் அந்தப் படிவத்தில் கேள்வி. எங்கே பார்க்கிறது என்று அதில் கேட்கவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடிந்தது. அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "என் கண்ணு என்னை ஏமாத்திடுச்சு. தம்பி முன்னாடியே சொன்னான், நான்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்றார். இதைத் தம்பியை வைத்துக்கொண்டே சொன்னார். ஆறு மாசத்துக்கு ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அது தபாலில் திரும்பி வந்தபோது அக்கா உறையைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டார். வேலையையும் விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மலைமேல் அவருக்குப் பதிலாக வந்தவர்கள் பகலில் மட்டும்தான் வந்தார்கள்.

நொறுங்கிய இடது விளக்குக்குப் பதிலாகப் புது விளக்கை ஹைபீமே மாட்டினார். அது மோட்டாரோடு சேர்ந்தே வரும் என்பதால் என் தட்டில் இருந்த பெட்டி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஆனால் கணினியில் எழுதியதைத் திருப்பி எழுத அவருக்குக் கை வரவில்லை. அப்படியே வண்டியைக் கொண்டுபோய் அக்கா வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி உறை போட்டு மூடினார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் யாரும் அவரை ஹைபீம் என்று கூப்பிடவில்லை. கூப்பிடுகிற மாதிரி அவர் இல்லை. வேலையை வழக்கத்தைவிட ஒழுங்காகச் செய்தார். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டார். வாடிக்கையாளர் சிரித்தால்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அக்கா மாதா மாதம் முதல் தேதி பஸ் பிடித்து ரொட்டிக்கடைக்காரரைப் பார்க்கப் போய்வந்தார். காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். போய்வந்ததைத் தம்பியிடம் சொல்வார். தம்பி கேட்டுக்கொள்வார்.

நான் நல்லவள் வேஷம் போட வரவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். ஆண்டுக் கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியை என் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வைத்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும், அந்த ஐம்பத்தொரு நாளில் ஏதாவது ஒரு நாள். ஊர் வம்பையெல்லாம் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லையே என்று இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

போன மாசம் அக்கா தம்பியைக் கூப்பிட்டு வண்டியை விற்றுவிடலாம் என்றார். "சும்மா நின்னு துருப்பிடிக்குது. லைட்டை மட்டும் நீயே நல்லா பார்த்துக் குடு. வாங்கறவங்களுக்கும் என்னை மாதிரி கண்ணு இருந்துடப்போகுது."

மறுநாள் காலை ஹைபீம் என் மேஜைக்கு வந்து நின்றார். "அந்தப் பெட்டி இருக்கா?"

மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"வண்டியைக் கொண்டு வந்துட்டேன். அக்காவை மதியம் இங்க வரச் சொல்லியிருக்கேன். நீயும் இரு. நான் நடுவுல ஓடிட்டா சட்டையைப் பிடிச்சுக்கோ."

"பிடிக்க மாட்டேன் அண்ணா, கிழிச்சுடுவேன்" என்றேன். மூன்று வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

அக்கா பஸ்ஸில் வந்தார். முகம் இளைத்திருந்தது. மூக்கில் தடித்த கண்ணாடி. இருட்டறையின் திரையைத் தாண்டும்போது ஒரு கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே வந்தார். ஹைபீம் மேனேஜரை இறக்கி வைத்துவிட்டு இருக்கையைத் தட்டினார்.

"உட்காரு அக்கா."

"நானா? எதுக்குடா?"

"உட்காரு. ஸ்டார்ட் பண்ணு."

அக்கா உட்கார்ந்தார். சாவியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் திருகினார். சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. அசையாமல் நின்றது. அக்கா காத்திருந்தார்.

"வணக்கம் சொல்லலையே?"

ஹைபீம் பக்கத்து இருக்கையில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை ஓரமாக நின்ற எனக்கு அவர் குரல் கேட்கவே கஷ்டமாக இருந்தது. "சொல்லாது. நான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

"இப்பவா?"

"மஞ்சள் லைட்டு கண்ணடிக்குதுன்னு வந்தியே, அன்னைக்கு. மோட்டார் செத்திருந்துது. சரி பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். பார்ட்டு வந்துது. உன்கிட்ட வண்டியைக் கேக்க வெக்கமா இருந்துது. மாட்டலை." பெட்டியை எடுத்து அக்கா மடியில் வைத்தார். "ரொட்டிக்கடைக்காரர்மேல இடிச்ச அன்னைக்கு லைட்டு திரும்பலை அக்கா."

அக்கா பெட்டியைப் பார்த்தார். என் கையெழுத்தைப் படித்தார். 

ஹைபீம் ஸ்கேனரில் தட்டினார். எஞ்சினை அணைத்து மறுபடி போடச் சொன்னார். இந்த முறை வெளிச்சம் கீழே போனது, மேலே வந்தது, இடம் பார்த்தது, வலம் பார்த்தது, நின்றது. சோதனை நிலையில் வைத்துவிட்டு, "இடது பக்கம் திருப்பு" என்றார். அக்கா ஸ்டியரிங்கைத் திருப்பினார். வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டே போய், இடது மூலையில் சாத்தி வைத்திருந்த துடைப்பத்தின்மேல் விழுந்தது. அங்கே துடைப்பம் இருப்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அக்கா நேராக்கினார். துடைப்பம் மறைந்தது. மறுபடி திருப்பினார். தெரிந்தது. நான்கைந்து முறை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு போன்ல கேட்டேனே" என்றார் கடைசியில். "திருப்பத்துல இருட்டா இருக்குன்னு."

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

ஹைபீம் ஸ்கேனரின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"சொல்லுடா. என்ன சொன்ன?"

"கண்ணாடியை மாத்துன்னு சொன்னேன்."

"மாத்தினேன்டா." அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "மூணு தடவை மாத்திட்டேன். கண் டாக்டர், உங்க வயசுக்கு நல்லாத்தான் இருக்குன்னார். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றார்னு நினைச்சு வேற டாக்டர்கிட்டப் போனேன். ராத்திரியில மேலேர்ந்து போன் வரும். என் கண்ணு போச்சு, வேற யாரையாவது பாருங்கன்னு சொல்லுவேன். வேற யாருடா இருக்கா அவங்களுக்கு? மாசா மாசம் அந்த மனுஷன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேனே, அதெல்லாம் யாரோட மன்னிப்பு?"

ஹைபீம் அழுதார். அக்கா அழவில்லை. "இறங்கு" என்றார்.

அவர் இறங்கினார். அக்கா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் திரையை விலக்கிப் பிடித்தேன். என் பக்கத்தில் நிறுத்தி, "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்க்கா."

தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலை. வெயிலில் விளக்கை அணைக்காமலே முற்றத்தைக் கடந்து, வாசலில் இடது பக்கம் திரும்பினார். விளக்கும் கூடவே திரும்பியது. அந்தப் பகல் வெளிச்சத்தில் அதை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் கவனித்திருப்போம்.

அக்கா வண்டியை விற்கவில்லை. சுகாதார நிலையத்தில் போய்ப் பழைய வேலையைக் கேட்டிருக்கிறார். அறுபது தாண்டிவிட்டது, எடுக்க விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் விடாமல் இருந்திருந்தால் நீட்டிப்பு கொடுத்திருப்பார்களாம். தம்பி போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கிறார், தண்ணீர் கொடுக்கிறார், பேசுவதில்லை.

முதல் தேதி வந்தது. "ரொட்டிக்கடைக்குப் போறேன். வரியா?" என்று ஹைபீம் கேட்டார். போனோம். அந்த மனிதர் இப்போது அடுப்புப் பக்கம் போவதில்லை. இடது காலை ஒரு பெட்டியின்மேல் நீட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ரொட்டி வாங்க நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் அந்த நர்ஸம்மாவோட தம்பி."

"தெரியுமே. அக்கா நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க. இப்பல்லாம் அவங்களே ஓட்டிட்டு வராங்க."

"என்ன சொன்னாங்க?"

"எப்பவும் சொல்றதுதான். தப்பு நடந்துபோச்சு, என் கண்ணு சரியில்லைன்னாங்க. விடுங்கம்மான்னேன். கண்ணு சரியில்லைன்னு சொல்லிட்டு அவங்களே ஓட்டிட்டுப் போறாங்க, எனக்குத்தான் பயமா இருக்கு." சிரித்துக்கொண்டே கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் மார்க்கரில் என் கையெழுத்து. "தம்பி வருவான், வந்தா குடுங்கன்னு வச்சுட்டுப் போனாங்க. என்னங்க இது? கேட்டேன், சொல்லலை. அவனே சொல்லுவான்னாங்க."

ஹைபீம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவர் சட்டையைப் பிடிக்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் ஓடவில்லை. ரொட்டிக்காக நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, மூன்று வருஷமாக நாங்கள் கேட்காத அந்தப் பழைய குரலில் பேசினார்.

"அக்கா கண்ணு நல்லா இருக்குங்க. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துது."